மூன்றாம் ஓலை

அறுபத்தேழு வயதில் ஒரு மனிதர் பிரெஞ்சு படிக்கப் போகிறார் என்றால், மலேசியாவின் பாடாங் செராய் ஊர் அதைச் சும்மா விட்டுவிடுமா? கோயில் வாசலில் கேட்டார்கள், ரொட்டி சானாய் கடையில் கேட்டார்கள், கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்கூடக் கேட்டாள். அந்தோணிதாஸ் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "லூர்துக்குப் போலாம்னு ஒரு நெனப்பு. போற எடத்துல நாலு வார்த்த பேசத் தெரியணும்ல." மாதா கோயிலுக்குப் போகிறேன் என்பவரை அதற்கு மேல் யார் குடைவார்கள்? லூர்துக்குப் போகும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. பாஸ்போர்ட்டே கிடையாது.

அவருக்கு வேண்டியிருந்தது நாலு வார்த்தை அல்ல, நாலு வாக்கியம். அதுவும் ஒரே ஒருவரிடம் சொல்வதற்கு. அந்த ஒருவர் ஃபாதர் ரெனே. நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் பூசை வைத்த பிரெஞ்சுச் சாமியார்.

போன வருடம் ஊரிலிருந்து திருயாத்திரை போன கூட்டமொன்று அவரைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தது. பிரான்சின் தெற்கே, வயதான குருக்கள் தங்கும் இல்லத்தில் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று. பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார்கள்: சக்கர நாற்காலி, மடியில் கம்பளி, வாயில் பல் இல்லாத சிரிப்பு. படத்தின் கீழே, ஃபாதருக்கு ஞாபகம் முன்னே பின்னே இருக்கிறது, தமிழ் போய்விட்டது, ஆங்கிலமும் போய்விட்டது, தாய்மொழி மட்டும்தான் மிச்சம் என்று எழுதியிருந்தார்கள். புதன்கிழமை நமக்குச் சாயங்காலம் ஐந்து மணி, அங்கே காலை. தாதியிடம் முன்கூட்டிச் சொன்னால் வீடியோவில் பேச வைப்பார்கள்.

அந்தப் படத்தை அந்தோணிதாஸ் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இந்த மனிதர் தோட்டத்தை விட்டுப் போனதற்குக் காரணம் தான்தான் என்பது அவருக்குத் தெரியும். வேறு ஒரு உயிருக்கும் தெரியாது. வருடா வருடம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தவர், கோபப்பட்டேன், பொய் சொன்னேன், குடித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னவர், இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. யாருக்குத் தீங்கு செய்தேனோ அவரிடமே சொல்வேன் என்று ஒரு நியாயம் வைத்திருந்தார். சொல்ல வேண்டிய ஆள் ஏழாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவரை அந்த நியாயம் சௌகரியமாகத்தான் இருந்தது. இப்போது அந்த ஆள் கைபேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு கிழவர்களில் ஒருவர் கண்ணை மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

நடந்தது இதுதான். 1982இல் அந்தோணிதாஸ் கரங்கான் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. பெரிய கிராணியை விட்டால் ஆபீஸ் தட்டச்சு இயந்திரத்தைத் தொட உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமை நடையிலேயே தெரியும். ஃபாதர் ரெனே கூலிம் நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் செம்மண் புழுதியோடு வருவார். தமிழ் பேசுவார். தோட்டத்தில் பாதிப் பேருக்கு வராத 'ழ' அவருக்கு வந்தது.

அந்தோணிதாஸின் தங்கை பிரிஜெட்டுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ரப்பர் பால் லாரி ஓட்டிய பிச்சையை அவள் விரும்பினாள். சவேரியார் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டதில்லை. பிச்சையும் வேதக்காரன்தான், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவன்தான். ஆனால் சாதி வேறு. கோயிலுக்குள் இருக்கும்வரை எல்லோரும் சகோதரர்கள். படியிறங்கியதும் செருப்போடு சேர்த்துச் சாதியையும் மாட்டிக்கொள்வார்கள். வீட்டில் அப்பா குதித்தார், அம்மா படுத்தார். ஃபாதர் ரெனே இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். வயது வந்திருக்கிறது, மனம் ஒத்திருக்கிறது, நான் ஓலை படிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, தடை ஏதும் உண்டென்று தெரிந்தவர்கள் தெரிவியுங்கள் என்று குரு அறிவிப்பார். அதற்குத்தான் ஓலை படிப்பது என்று பெயர். மூன்றும் முடிந்தால் கல்யாணத்தை யாரும் நிறுத்த முடியாது. முதல் ஓலை படித்த அன்று அந்தோணிதாஸ் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்த வாரம் ஒரு மத்தியானம், பெரிய கிராணி சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்தோணிதாஸ் பினாங்கு ஆயருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி அடித்தார். தோட்டத்தில் மொட்டைக் கடுதாசி புதிதல்ல. மேனேஜரைப் பிடிக்கவில்லையா, வேலை வாங்கும் மண்டோரைப் பிடிக்கவில்லையா, யூனியன் தலைவரைப் பிடிக்கவில்லையா, எழுது ஒரு மொட்டைக் கடுதாசி. ஆனால் அதெல்லாம் பென்சிலில் கோணல்மாணலாக எழுதப்பட்டு நேரே குப்பைக் கூடைக்குப் போகும். இது நல்ல ஆங்கிலத்தில், ஓரம் விட்டு, ஒரு பிழை இல்லாமல் இருந்தது. 'இந்தக் குருவானவர் இருட்டிய பிறகு தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் போகிறார். ஆண் துணை இல்லாத வீட்டில் வெகுநேரம் இருக்கிறார்.' போனது உண்மை. இருந்ததும் உண்மை. அந்த வீட்டில் ஒரு கைம்பெண் இரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள், அவளுக்கு மருந்து கொடுக்கப் போனார் என்பதை மட்டும் அடிக்காமல் விட்டார். ஒரு பொய்கூட இல்லை என்று அன்றைக்குத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தார். தோட்டத்துத் தபால் முத்திரை விழக் கூடாதென்று பஸ் ஏறிச் சுங்கைப் பட்டாணிக்குப் போய்ப் பெட்டியில் போட்டார்.

இரண்டாம் ஓலை படித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு ஃபாதர் ரெனே வரவில்லை. பினாங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்கள். அப்புறம் அவருடைய விசா முடிகிறது, நீட்டிக்கக் கேட்கவில்லை, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். பதிலுக்கு வந்த வயதான சாமியார், அப்பா போய் நின்று அழுததைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் போகட்டும் என்றார். கொஞ்ச நாள் போயிற்று. பிச்சை சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டி நாலு பிள்ளைகள் பெற்றான் என்று பின்னால் கேள்வி. பிரிஜெட் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

அவள் இன்றைக்கும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தோணிதாஸின் மனைவி ஸ்டெல்லா, மகன் ரையனுக்கு ஆறு வயதாகும்போது போய்ச் சேர்ந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, சட்டை தேய்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது பிரிஜெட். ரையன் இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறான். மாதம் ஒரு முறை அவளுக்குத்தான் போன் செய்வான், அப்பாவுக்கு அல்ல.

ஞாயிறு பூசைக்கு அண்ணனும் தங்கையும் ஒரே காரில்தான் போவார்கள். அந்தோணிதாஸ் முன் வரிசைக்குப் போவார். அவள் கடைசி வரிசையில் உட்காருவாள். நன்மை என்னும் திருவப்பத்தை நாக்கில் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது அவள் மட்டும் முழங்காலில் இருப்பாள். நாற்பத்திரண்டு வருடமாக நன்மை வாங்கியதில்லை. ஏன் என்று அவளே ஒளிக்காமல் சொல்வாள். ஃபாதர் ரெனேயின் படம் வந்த அன்று அண்ணன் கைபேசியை நீட்டியபோதும் சொன்னாள்.

"இந்த ஆளுக்கு இன்னும் உசுரு இருக்கா? ரெண்டு ஓலையப் படிச்சிட்டு மூணாவதுக்கு ஓடிப் போன மனுசன். அப்பா என்னத்தக் குடுத்தாரோ, வாங்கிட்டு ஊரு போய்ச் சேந்துட்டாரு. அன்னிக்கு அந்தக் கோயில் வாசல்லயே மண்ண வாரித் தூத்துனேன் நான். ஒரு சாமியார அப்படிச் சபிச்சிப்புட்டு, அந்தக் கோவத்த இன்னும் மனசுல வச்சிக்கிட்டு, எந்த மூஞ்சியோட போயி நாக்க நீட்றது?"

அந்தோணிதாஸ் அப்போதே சொல்லியிருக்கலாம். கைபேசி கையில் இருந்தது, தங்கை எதிரில் இருந்தாள், மொழியும் தெரியும். அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த சனிக்கிழமை பிரெஞ்சு வகுப்பில் பெயர் கொடுத்தார். முதலில் ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிவிடுவோம், அப்புறம் இவளிடம் பேச ஒரு தைரியம் வரும் என்பது கணக்கு. தூரத்தில் இருப்பவரிடம் அழுவது சுலபம். அவரோடு மறுநாள் காலையில் உட்கார்ந்து கோப்பி குடிக்க வேண்டியதில்லை.

வகுப்பு, கடைத்தெருவில் ஒரு தையல் கடையின் மாடியில். சொல்லிக் கொடுப்பது அந்தத் தையல்காரம்மாவின் மகள் எலைன். இருபத்தொன்பது வயது. பினாங்கில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் வேலை, சனிக்கிழமை இங்கே வகுப்பு. அந்த வருடம் அவளிடம் படித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அந்தோணிதாஸ். இன்னொன்று, பாரிசுக்குக் கேக் செய்யப் படிக்கப் போகிற சாந்தினி. மேசைக்கு இந்தப் பக்கம் தலை நரைத்தவர், அந்தப் பக்கம் தலைக்குப் பச்சைச் சாயம் அடித்தவள். இருவரும் சேர்ந்து "முவா, துவா" என்று ஓதினால், கீழே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

பத்து மாதம் அந்தோணிதாஸ் சலிக்காமல் போனார். பதினோராவது மாதம் எலைன் பலகையில் புதிதாக ஒன்றை எழுதினாள்.

"இன்னிக்குப் பாக்கப் போறது நடந்திருக்கும், ஆனா நடக்கல. அதுக்குன்னு ஒரு டென்ஸ்," என்றாள். "ரொம்ப சூசா இல்ல, ஈசிதான். ரெண்டு துண்டுதான். 'பார்லே'ன்னா பேசின. முன்னால 'ஜோரே' போடுங்க. ஜோரே பார்லே. நான் பேசியிருப்பேன்."

"பேசல," என்றார் அந்தோணிதாஸ்.

"ஆமா அங்கிள். பேசியிருப்பேன், ஆனா பேசல. அதேதான். பெரும்பாலான வினைக்கு 'ஜோரே' வரும். சிலதுக்கு மட்டும் 'ஜ ஸெரே'. போறது, வர்றது, தங்குறது, பொறக்குறது, சாவுறது. இந்த மாதிரி." பிறகு ஒரு விரலை உயர்த்தினாள். "இருந்தால்னு சொல்ற பக்கத்துல இத போட்டுறாதீங்க. அந்தப் பக்கம் வேற. தமிழ்ல வந்திருந்தால், வந்திருப்பேன்னு ரெண்டு வேற வேறயா சொல்றோம்ல, அது மாதிரி. எப்ப யூஸ் பண்றதுன்னா, வருத்தப்படறப்ப. இல்ல, அடுத்தவங்களத் திட்டறப்ப. நீ இப்படிச் செஞ்சிருக்கணும், அப்படிச் செஞ்சிருக்கணும்னு."

அந்தோணிதாஸ் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இந்த ஒன்றுக்காகத்தான் பத்து மாதம் மாடிப்படி ஏறினோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காலை வணக்கமும் ரொட்டி வாங்குவதும் இரயில் எத்தனை மணிக்கு என்பதும் அவருக்கு எதற்கு? நடந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை. அதைச் சொல்ல வழி தெரிந்தால் போதும்.

வீட்டுப் பாடமாகப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொன்னாள். சாந்தினி, சீக்கிரம் எழுந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன், பணம் இருந்திருந்தால் காலுக்குச் சப்பாத்து வாங்கியிருப்பேன் என்று விறுவிறுவென்று எழுதிக் கொண்டுவந்தாள். அந்தோணிதாஸின் நோட்டைப் படித்த எலைன் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்தக் கடிதத்தை நான் எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் இங்கேயே இருந்திருப்பீர்கள். அந்தக் கடிதத்தை நான் எழுதாமல் இருந்திருந்தால் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். அந்தக் கடிதத்தை நான் எழுதாமல் இருந்திருந்தால் என்றே பத்தும் தொடங்கின.

"அங்கிள், எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள் எலைன். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் அவளும் இருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஃபாதர் ரெனேகிட்டயா? வேணும்னா நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரட்டுமா? நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் அவருக்குச் சொல்றேன்."

"வேணாம்மா. நான் செஞ்சத நான்தான் சொல்லணும்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பத்து வாக்கியத்திலிருந்து நாலைத் தேர்ந்தெடுத்து, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அவரை எழுதிக்கொள்ளச் செய்தாள். தாதியிடம் பேசி அடுத்த புதன்கிழமைக்கு நேரமும் வாங்கிக் கொடுத்தாள். முதல் வாக்கியம்: ஸி ஜ நவே பா எக்ரி செத் லெத்ர், வூ ஸெரியே ரெஸ்தே. நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள். இரண்டாவது: ஜோரே த்யூ ம தேர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாலாவது சின்னது: பர்தொனே முவா. என்னை மன்னியுங்கள்.

அந்த நாலு நாளும் வீட்டில் வேறு பேச்சில்லை. குளிக்கும்போது ஸி ஜ நவே பா, காருக்குத் தண்ணீர் அடிக்கும்போது ஜோரே த்யூ. பிரிஜெட் துணி தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே இது, ஜெபமா?"

"அந்த மாதிரிதான்."

"எனக்கே பாதி மனப்பாடம் ஆயிருச்சு. இன்னும் நாலு நாள் போனா நானே லூர்துக்குப் போயிருவேன் போல," என்று சொல்லி அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை பேசப் போவது ஃபாதரோடுதான் என்று சொன்னபோது அவள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பேசிக்க. என்னக் கூப்புடாத," என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம். அந்தோணிதாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் கைபேசியைப் புட்டியில் சாய்த்து, நோட்டைப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார். பிரிஜெட் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

திரையில் முதலில் தாதி வந்தாள், பிறகு அந்தச் சக்கர நாற்காலி. தாதி குனிந்து அவர் காதில் மலேசியா என்றாள். ஃபாதர் ரெனே முகத்தைத் தூக்கினார். "கரங்கான்," என்றார். ஊர்ப் பெயரை ஊர்க்காரரைப் போலவே சொன்னார்.

அந்தோணிதாஸ் வணக்கம் சொன்னார், பெயர் சொன்னார், கிராணி என்றார். கிழவர் தலையாட்டினார். அடையாளம் தெரிந்ததா தெரியவில்லை. நோட்டில் விரலை வைத்து முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் ஃபாதரே பேசத் தொடங்கிவிட்டார். வேகமாக, இரு கைகளாலும் காற்றில் ஏதோ வரைந்தபடி பேசினார். பதினோரு மாதப் படிப்புக்குப் பிடிபட்டது பாதிதான். மழை என்றார். லாரி என்றார். பிரிஜெட் என்றார், சவேரியார் என்றார். யாரும் கூப்பிடாத பெயரை அவர் ஞாபகத்தில் வைத்திருந்தார். கல்யாணம் என்றார். த்ருவா ஃபுவா, த்ருவா ஃபுவா என்று மூன்று விரலைக் காட்டிச் சிரித்தார். மூன்று முறை. ஓலையை மூன்று முறையும் நானே படித்தேன். நல்ல மழை, கோயில் நிறைய ஜனம், பெண் வெள்ளைச் சேலையில் வந்தாள்.

அந்தோணிதாஸ் விரல் அந்த வரியிலேயே நின்றது. நடக்காத கல்யாணத்தை இந்த மனிதர் நடத்தி முடித்திருக்கிறார். எந்த வருடம், எப்படி என்று யாருக்குத் தெரியும்? இருந்த ஞாபகத்தில் ஓட்டை விழுந்தபோது அதை இப்படி அடைத்துக்கொண்டார் போல.

எத்தனை பிள்ளைகள் என்று ஃபாதர் ரெனே கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே வார்த்தைகளில் தெளிவாக வந்து விழுந்தது.

"கத்ர்," என்றார் அந்தோணிதாஸ். நாலு.

கிழவர் கண்ணை மூடி, நாலு பேருக்குமாகச் சேர்த்துச் சிலுவை வரைந்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் மெல்ல, "ஜோரே எமே ரெஸ்தே," என்றார். அந்தோணிதாஸுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. அங்கேயே இருந்திருக்க ஆசைப்பட்டிருப்பேன் என்றார். எலைன் பலகையில் எழுதிய அதே வடிவம்தான், ஆனால் குற்றம் செய்தவர் வாயிலிருந்து வர வேண்டியது, குற்றமே செய்யாதவர் வாயிலிருந்து வந்தது.

அவரிடம் அந்த நாலு வாக்கியத்தையும் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அந்தோணிதாஸ் சொல்லவில்லை. சொன்னால் கிழவரின் கல்யாணம் கலைந்துபோகும் என்று இரக்கப்பட்டாரா, இல்லை பயந்தாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. பயம்தான் என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை. மெர்சி மோன் பேர், நன்றி ஃபாதர் என்று கும்பிட்டார். தாதி கையசைத்தாள். திரை இருண்டது.

திரைச்சீலை விலகியது. பிரிஜெட் கையில் கீரைத் தண்டோடு நின்றாள்.

"எம் பேர எதுக்கு அவரு சொன்னாரு?"

அந்தோணிதாஸ் நோட்டை மூடினார்.

"ரெண்டு தடவ சொன்னாரு. காது கேக்குது எனக்கு. என்ன சொன்னாரு?"

"ஒனக்கும் பிச்சைக்கும் கல்யாணம் பண்ணி வச்சதா நெனச்சிக்கிட்டு இருக்காரும்மா. மூணு ஓலையும் படிச்சேங்கறாரு. மழை பேஞ்சுதாம். ஒனக்கு எத்தன புள்ளைங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நாலுன்னேன்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தண்டை உடைத்து உடைத்து மேசைமேல் போட்டுக்கொண்டிருந்தாள். "ஓடிப் போனவருக்கு இவ்வளவு நெனப்பு இருக்காது," என்றாள், தனக்குத் தானே சொல்வதைப் போல. "ஓடிப் போனவரு மறந்துட்டில்ல இருப்பாரு?"

அப்போதுதான் அந்தோணிதாஸ் சொன்னார். நாலு நாளாக வேற்று மொழியில் பழகிய வாக்கியம் அவர் வாயில் தமிழாக வந்தபோது அதற்கு ஒரு ஒத்திகையும் தேவைப்படவில்லை. "அவரு ஓடலம்மா. நான் மொட்டக் கடுதாசி எழுதினேன். நான் எழுதாம இருந்திருந்தா அவரு இங்கயே இருந்திருப்பாரு. ஒனக்கும் கல்யாணம் ஆயிருக்கும்."

பிரிஜெட் அழவில்லை, கத்தவில்லை. தொழிற்சாலையில் வரிசை மேற்பார்வை பார்த்தவள், பழுது எங்கே என்று கேட்கிறவளைப் போலவே கேட்டாள். எந்த மெசினில் அடித்தாய்? ஆபீஸ் மெசினில். எங்கே போட்டாய்? சுங்கைப் பட்டாணியில். அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாது. ஸ்டெல்லாவுக்கு? தெரியாது. என்ன எழுதினாய் என்று கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு வரியையும் சொன்னார். அந்தக் கைம்பெண் வீட்டுக்கு ஃபாதரோடு கைவிளக்கு பிடித்துக்கொண்டு போனது யார் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. "நாந்தான் கூடப் போனேன்," என்றாள் பிரிஜெட்.

"என்ன மன்னிச்சிரும்மா," என்றார். எத்தனையோ வருடம் தள்ளிப் போட்ட வார்த்தை, அதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பியிருந்தார். ஒன்றும் இறங்கவில்லை.

அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "நாப்பத்திரெண்டு வருசம் நான் நன்மை வாங்கல," என்றாள். "ஒண்ணுந் தெரியாத மனுசன் மேல மண்ண வாரிப் போட்டுட்டு ஒக்காந்திருக்கேன். வாராவாரம் நீ முன்னால போயி நாக்க நீட்டிட்டு வந்திருக்க. நான் பின்னால முட்டி போட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

மேசைமேல் உடைந்து கிடந்த தண்டுகளை அவர் ஒன்றாகக் கூட்டினார்.

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். முந்தானையில் துடைத்தாள். நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"அடுத்த பொதன்கெழம கூப்புடு. நான் பேசணும். அவரு கல்யாணத்த அவரு வச்சிக்கட்டும், அத நான் கலைக்க மாட்டேன். சாவறதுக்குள்ள நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிப்புடணும். எழுதிக் குடு. தெரிஞ்சிருந்தா ஒங்களச் சபிச்சிருக்க மாட்டேன்."

அந்தோணிதாஸ் எழுதினார். ஸி ஜவே ஸ்யூ, ஜ ந வூஸோரே பா மோதி. தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, எங்கே நிறுத்த வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தார். பிரிஜெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். வூஸோரேயில் மாட்டிக்கொண்டாள், மோதியில் மாட்டிக்கொண்டாள். மூன்றாம் தடவை ஒருவாறு வந்தது.

"இதுல 'தெரிஞ்சிருந்தா'ங்கறது எது?"

"இந்த மொதப் பாதி. ஸி ஜவே ஸ்யூ."

"எனக்குத் தானா எப்படித் தெரியும்? தெரிஞ்சவரு சொன்னாத்தானே தெரியும்." அவள் அந்தப் பாதியின் மேல் விரலை வைத்தாள். "இத அடி. 'அண்ணன் எங்கிட்ட சொல்லியிருந்தா' அப்படின்னு மாத்து. அண்ணன்னா அவருக்கு எந்த அண்ணன்னு தெரியுமா? பேரு போட்டு எழுது."

அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. முதல் பாதியை அடித்துவிட்டு மேலே எழுதினார்: ஸி அந்தோணிதாஸ் ம லவே தி.

அறுபத்து நாலு வயதுவரை அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அண்ணே என்பதோடு சரி. பள்ளிக்கூடத்துப் படிவத்தில் ரையனின் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட எழுதித்தான் காட்டினாள்.

வெளியே இருட்டும்வரை அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினாள். அந்தோணிதாஸ் எதிரில் உட்கார்ந்து, தப்பு வந்த இடமெல்லாம் திருத்திக் கொடுத்தார். லவே தியில் அவள் தடுக்கினாள், வூஸோரேயில் தடுக்கினாள், மோதியை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிச் சொன்னாள். ஒரே ஒரு சொல்லைத்தான் அவர் கடைசிவரை திருத்த வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய பெயர்.